பதினாலாம் பாடம்

உத்திரமேரூர் தையல் பயிற்சி நிலையத்தில் பதின்மூன்றாம் பாடம் வரைக்கும் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. தலையணை உறை, குழந்தைச் சட்டை, பாவாடை, ரவிக்கை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பாடத்திட்டம் பதினாலில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பதினாலாவது, பாடி. ரவிக்கைக்கு உள்ளே பெண்கள் போட்டுக்கொள்ளும் அதே பாடிதான். நிலையத்தை நடத்திய மகளிர் தையற்கலை வாரியம் அந்தச் சொல்லை அச்சடித்துவிட்டு, அச்சான பிறகு படித்துப் பார்த்துத் திடுக்கிட்டது. உடனே சுற்றறிக்கை வந்தது. அந்த உருப்படியை இனி யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடக் கூடாது. பாட எண்ணால் மட்டுமே குறிப்பிட வேண்டும்.

அது எமர்ஜென்சிக் காலம். வாரியத்து ஆட்கள் நேரத்துக்கு அலுவலகம் வந்துகொண்டிருந்தார்கள். வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றறிக்கை எழுதினார்கள்.

அடுத்த சுற்றறிக்கை அளவெடுப்பது பற்றியது. பதினாலாம் பாடத்துக்கு மனித உடம்பில் டேப்பு வைத்து அளப்பது ஒழுங்குக்கு உகந்ததல்ல, வாரியம் அனுப்பும் பொம்மையின் மீதே அளக்க வேண்டும் என்றது. பொம்மையும் வந்தது. குறைந்த விலைக்கு டெண்டர் கொடுத்தவர் ஆண்கள் சட்டைக்கடைக்காரர் என்பதால், வந்த பொம்மைக்கு மீசை இருந்தது. வாரியம் அதன் மேல் ரோஸ் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தது. வெயில் பட்டால் மீசை தெரியும்.

"ஒழுங்குக்காக அனுப்பிக்கீறாங்க" என்றாள் லீலாவதி டீச்சர், பொம்மையின் தட்டையான மார்பில் டேப்பைச் சுற்றியபடி. "முப்பத்திரண்டு. எல்லாரும் முப்பத்திரண்டே போட்டுக்குங்க."

நல்லவள்தான் டீச்சர். ஆனால் வேலை நிரந்தரமாகாதவள். கரும்பலகையில் பதினாலாம் பாடத்தின் படத்தை வரைவாள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அழிப்பாள். ஒருமுறை தபால்காரருக்காகக்கூட அழித்தாள். பயிற்சிக்கு வந்த பெண்கள் பாதிப் படத்தைப் பார்த்து முழு உருப்படியைத் தைத்தார்கள். குச்சி போலிருந்தவளும் முப்பத்திரண்டு தைத்தாள், நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவளும் முப்பத்திரண்டு தைத்தாள். தைத்தது ஒருத்திக்கும் சேரவில்லை. அதைப் பற்றி ஒருத்தியும் வருத்தப்படவில்லை. படிப்பு முடிந்தால் மெஷின் கிடைக்கும் என்றுதான் அவர்கள் வந்திருந்தார்கள்.

மாகறலிலிருந்து பஸ் பிடித்து வந்த ஞானசுந்தரி மட்டும் பதினாலாம் பாடத்துக்காகவே சேர்ந்தவள்.

அவளும் தங்கை ஆதிலட்சுமியும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். போன பங்குனியில் ஆதிக்கு மெட்ராஸில் ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆதியும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் நிமிரவில்லை. இடது தோளை முன்னால் இழுத்து, முந்தானையை அந்தப் பக்கமாகவே அள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடவுக்குப் போவதை விட்டாள். பிறகு கடைக்குப் போவதை விட்டாள். கிணற்றடிக்குக்கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனாள்.

"குனிஞ்சா ஒரு பக்கம் கனக்குதுக்கா, இன்னொரு பக்கம் காத்தடிக்குது. தராசுல ஒரு தட்டு அறுந்தாப்பல கீது" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஞானசுந்தரியால் சிரிக்க முடியவில்லை.

காஞ்சிபுரத்துக் கடைகளில் ஞானசுந்தரி விசாரித்தாள். ஒரு பக்கத்துக்கு மட்டும் விற்பதில்லை என்றார்கள். அதன் பிறகுதான் உத்திரமேரூரில் அதைத் தைக்கவே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்த முப்பத்திரண்டு ஆதிக்கு எந்தப் பக்கத்திலும் பொருந்தாது என்பது தெரிந்ததும், வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு தங்கையின் உடம்பில் அளவெடுத்தாள்.

பழைய செய்தித்தாளில் வெட்டி வெட்டிப் பார்த்தாள். வலது பக்கத்துக்கு மேல் துண்டு, கீழ்த் துண்டு என்று இரண்டாக வெட்டி, கீழே துணியைக் கூராக மடித்து ஒரு டாட்டுப் பிடித்தால் குழிவு வந்தது. அது சுலபம். இடது பக்கம்தான் படுத்தியது. ஆபரேஷனில் அக்குள் சதையையும் எடுத்திருந்ததால் அங்கே பள்ளம். அதே பக்கத்துக் கை வீங்கியிருந்ததால் கைக்குழி அகலமாக வேண்டும், தோள்பட்டி பட்டையாக வேண்டும், இல்லையென்றால் அறுக்கும். தழும்பில் நூல் முடிச்சு உரசினால் ஆதி துடித்துப்போவாள். அதனால் தையல் ஓரங்களை எல்லாம் வெளிப்பக்கம் வருவதுபோலத் திருப்பித் தைத்தாள். இடது பக்கம் தட்டையாக ஒரு பை வைத்து, அதில் இலவம் பஞ்சை உருட்டி அடைத்தாள்.

ஆதி போட்டுப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். பஞ்சு மெத்தென்று கழுத்துக்கு ஏறியது.

"ஏறிக்கிச்சு பாரு. கனம் இல்லக்கா. கனம் இருந்தா ஒய்ங்கா நிக்கும்."

ஞானசுந்தரி ஆற்றுக்குப் போய்ப் பொடிமணல் அள்ளிவந்து, அலசி, காயவைத்து, சின்னத் துணி முடிச்சாகக் கட்டிப் பஞ்சுக்கு நடுவே வைத்தாள். இப்போது நின்றது. ஆனால் கைத்தையல் அந்தக் கனத்தைத் தாங்காமல் தோள்பட்டி பிய்ந்தது. மெஷின் தையல் வேண்டும். அதற்காகத்தான் அதையும் செய்தித்தாளில் வெட்டிய அளவையும் நிலையத்துக்கு எடுத்துப்போனாள்.

அவசரமும் ஒன்று இருந்தது. ஆதியின் மகள் சாரதா வயதுக்கு வந்திருந்தாள். தை பிறந்ததும் மஞ்சள் நீர் சடங்கு. ஊரே வரும். மகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆரத்தி சுற்றவும் தாய் நடுவீட்டில் நிற்க வேண்டும்.

பட்டியை மெஷினில் அடித்து முடித்து, கொக்கி வைப்பதற்காக ஞானசுந்தரி அதை மேசைமேல் வைத்திருந்தபோதுதான் வாரிய மேற்பார்வை அலுவலர் தேவராஜன் திடீர்ச் சோதனைக்கு வந்தார். கூடவே ஸ்டோர்கீப்பர் வேதகிரி. டீச்சர் கரும்பலகையை அழித்தாள். மேசையை மறந்துவிட்டாள்.

தேவராஜன் மர ஸ்கேலின் நுனியால் அதைத் தூக்கிப் பார்த்தார். பாம்பைத் தூக்குகிறவர் போலத் தள்ளிப் பிடித்தபடி, "இது என்ன?" என்றார்.

"பதினாலு சார்" என்றாள் டீச்சர்.

"பதினாலு மாதிரி இல்லையே. ஒரு பக்கம் பதினாலு, இன்னொரு பக்கம் என்னவோ மாதிரி இருக்கே."

வேதகிரி பையைப் பிதுக்கிப் பார்த்தார். முடிச்சு அவிழ்ந்து மேசையில் மணல் கொட்டியது. "சார், இது ஆத்து மணல் சார். ஆறு வேற டிபார்ட்மெண்ட். பர்மிஷன் வாங்கிக்கீறாங்களா தெரியலயே."

"எங்கூட்டுத் துணி சார், எந் தங்கச்சிக்குத் தைச்சது. குடுத்துடுங்க சார்" என்றாள் ஞானசுந்தரி.

"துணி உங்களுது. மெஷின் யாருது?" என்று கேட்டார் தேவராஜன். "வாரியத்து மெஷின்ல ஓடின நூல் வாரியத்து நூல். அந்த நூலைப் பிரிச்சு எடுத்துட்டுத் துணியைக் கொடுக்கலாம்னா விதியில அதுக்கு இடமில்லை. விசாரணை முடியட்டும்."

உருப்படியும் செய்தித்தாளில் வெட்டிய அளவும் மணலும் ஒரே கவரில் போய் அரக்கு முத்திரை வாங்கிக்கொண்டன.

விசாரணைக் குழுவில் மூவர். தேவராஜன் தலைவர். வேதகிரி உறுப்பினர். தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதால், பக்கத்துக் கட்டடத்தில் பம்ப்செட் வேலையாக வந்திருந்த ஜூனியர் இன்ஜினியர் சுகுமாரைச் சேர்த்துக்கொண்டார்கள். மூவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அது தகுதியாகக் குறிப்பில் எழுதப்பட்டது.

சுகுமார் இரும்பு டேப்பால் இரண்டு பக்கத்தையும் அளந்து, "வலது கொள்ளளவும் இடது கொள்ளளவும் சமமில்லை" என்று அறிவித்தார். தேவராஜன் பெருமூச்சு விட்டு ஞானசுந்தரியைப் பார்த்தார்.

"பாரும்மா, வாரியத்தோட அடிப்படைக் கொள்கை என்ன? எல்லாப் பெண்களும் சமம். சமம்னா என்ன? ஒரே அளவு. ஏழைக்கு ஒரு அளவு, பணக்காரிக்கு ஒரு அளவுன்னு நாங்க பார்க்கறதில்லை. எல்லாருக்கும் முப்பத்திரண்டு. நீ என்னடான்னா ஒரே பெண்ணுக்குள்ள இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு பாகுபாடு காட்டியிருக்கே."

"அவளுக்கு ஒரு பக்கம் இல்ல சார்."

மேலே காற்றாடி கிரீச்சிட்டது.

"இல்லைன்னா?" என்றார் வேதகிரி.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க சார். கேன்சர் கட்டி."

"அதுக்கு ஆதாரம்?"

"தயும்பு கீது சார்."

தேவராஜன் பேனாவை மூடி வைத்தார். "தழும்பை ஃபைல்ல சேர்க்க முடியாதும்மா. சம்பந்தப்பட்டவங்க நேர்ல ஆஜராகணும்."

ஞானசுந்தரி வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வெட்கப்பட்டாள். ஆனால் ஆதி கேட்டுக்கொண்டு, "வர்றேன்" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பஸ் ஏறியது அன்றைக்குத்தான். கூட்டத்தில் யார் கையும் பட்டுவிடாமல், ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்து வந்தாள்.

குழுவின் முன்னால் அவள் நின்றபோது மூன்று ஆண்களும் மேசையைப் பார்த்தார்கள். சுகுமார் தன் டேப்பைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். ஆதி காத்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை என்றதும் அவளே பேசினாள்.

"ஐயா, எம்பொண்ணு தலைக்குத் தண்ணி ஊத்தணும். நிமுந்து நிக்கணும், அவ்ளோதான். சடங்கு முடிஞ்சதும் நானே கொணாந்து குடுத்துடறேன். நீங்களே வச்சிக்குங்க."

தேவராஜன் மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேரில் பார்வையிடப்பட்டதுன்னு எழுதுங்க" என்று வேதகிரியிடம் சொன்னார். பிறகு மிகுந்த கனிவோடு, "வாரியம் உங்க பக்கம்தாம்மா இருக்கு. கருணையோடத்தான் பரிசீலிப்போம். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம். கருணைக்கு மட்டும் இங்க அதிகாரம் இல்லை, மெட்ராஸ்ல இருந்துதான் வரணும்" என்றார்.

வெளியே வந்ததும் ஆதி முந்தானையை அள்ளிப் பிடித்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் ஏறிய பிறகு, "பாவம், அவங்கள்ல ஒருத்தராலயும் எம்மூஞ்சப் பாக்க முடியலக்கா" என்றாள்.

மெட்ராஸிலிருந்து கருணை வருவதற்குள் தை வந்துவிட்டது. சடங்குக்கு முந்தின வாரம் ஞானசுந்தரி மறுபடி கதவைச் சாத்தினாள். அளவு கையில் இல்லை, மனசில் இருந்தது. மனசில் இருந்த அளவுக்கு வெட்டி, கைத்தையலிலேயே இரட்டை இரட்டையாக ஓட்டி, ஆதியின் மேல் வைத்துப் பார்த்தாள். தொளதொளவென்று தொங்கியது.

முதலில் தான்தான் தப்பாக வெட்டிவிட்டதாக நினைத்தாள். பிறகு டேப்பை வைத்தாள். விலா இளைத்திருந்தது. வலது பக்கமும் வற்றியிருந்தது. கழுத்துக் குழியில் ஒரு புதுக் கட்டி விரலில் தட்டுப்பட்டது. ஞானசுந்தரி டேப்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"உள்ள புடிச்சித் தைக்கா" என்றாள் ஆதி. "எத்தினி அங்குலம் வேணுமோ புடி. மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். டாட்டை ஆழமாக்கினாள். கீழ்ப்பட்டியைக் குறைத்தாள். புது மணல் போட்டாள்.

சடங்கன்று ஆதி அரக்குப் புடவை கட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றாள். முந்தானையை அள்ளிப் பிடிக்காமல், எல்லோரையும் போல இடுப்பில் செருகியிருந்தாள். குடத்தைத் தூக்கியபோது எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. "ஆதி தேறிட்டா பாரு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சாரதா தலையில் மஞ்சள் தண்ணீர் வழிய அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரி அடுப்படிக்குப் போய் வெறும் அடுப்பை ஊதினாள்.

மாசி முடிவதற்குள் ஆதி போய்விட்டாள். குளிப்பாட்டிப் புடவை சுற்றும்போது ஞானசுந்தரி அந்தப் பாடியை எடுத்துவந்து போட்டுக் கொக்கியை மாட்டினாள். "இனிமே இன்னாத்துக்குடி இது?" என்று பெரியம்மா கோவிந்தம்மாள் கேட்டாள்.

"நிமுந்து போவட்டும்" என்றாள் ஞானசுந்தரி.

அதன் பிறகு அவள் உத்திரமேரூர் பக்கம் போகவில்லை. வைகாசியில் டீச்சர் ஆள் அனுப்பினாள். மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, உடனே வரவும். முத்திரை போட்ட அந்தக் கவரையாவது வாங்கி வந்து சாரதாவிடம் கொடுக்கலாம் என்று ஞானசுந்தரி கிளம்பினாள்.

நிலையத்துக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. சுவருக்குச் சுவர் கட்டிய கயிற்றில் வெள்ளை வெள்ளையாகப் பாடிகள் தொங்கின. வலது பக்கம் குழிவு, இடது பக்கம் தட்டையாக ஒரு பை. அக்குளில் ஆதியின் பள்ளம். பட்டையான இடது தோள்பட்டி. தையல் ஓரங்கள் வெளிப்பக்கம். ஒன்றுவிடாமல் எல்லாம் ஆதியின் உடம்பு.

"வாம்மா, வா!" என்றார் தேவராஜன். முகம் மலர்ந்திருந்தது. "உனக்கு நல்ல செய்தி. குழு அறிக்கையை மேலிடம் ஏத்துக்கிச்சு. நம்ம சுகுமார் கணக்குப் போட்டதுல, ஒரு பக்கம் தட்டையா இருந்தா துணி மிச்சமாகுதுன்னு தெரிஞ்சுது. வாரியம் முழுக்க இனிமே இதுதான் பதினாலு. முப்பத்திரண்டை எடுத்துட்டோம்."

"இந்தப் பை..." என்று இழுத்தாள் ஞானசுந்தரி.

"அதுதான் விசேஷமே! சிறுசேமிப்புப் பை. பெண்கள் காசை இங்கதானே வைக்கறாங்க? உடையிலேயே சேமிப்புப் பழக்கம். மெட்ராஸ்ல இந்த யோசனையை ரொம்பப் பாராட்டினாங்க. யார் யோசனைன்னு கேட்டாங்க. வாரியத்து யோசனைன்னு சொன்னேன். தனி மனுஷங்க பேரைப் போட்டா மத்தவங்க மனசு கஷ்டப்படும் பாரு."

"எந் தங்கச்சிது எங்க சார்?"

"மூல மாதிரியா? மெட்ராஸ் ஆபீஸ்ல கண்ணாடிப் பெட்டியில இருக்கு. பெருமைப்படணும் நீ. தங்கச்சியை ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டு."

"அவ செத்துட்டா சார்."

தேவராஜனின் முகம் உண்மையாகவே வாடியது. "அடடா" என்றார். கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தார். "அடடா. பயனாளி இல்லாத பட்சத்துல திருப்பிக் கொடுக்கற பிரச்சினையே எழல. ஃபைலை மூடிடலாம்." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஞானசுந்தரி கயிற்றின் கீழே நடந்தாள். ஒவ்வொன்றையும் தொட்டாள். சிலது கோணல், சிலதில் நூல் விட்டிருந்தது. அவளை அறியாமல் ஒரு தோள்பட்டியை இழுத்துச் சரிசெய்தாள்.

டீச்சர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும் ஞானம். ஒருத்திக்கும் சேராது. இதுங்கள வாங்க ஆள் இல்ல. ஆனா இன்னா பண்றது, மாசாமாசம் கணக்கு காட்டணும்."

ஞானசுந்தரி போகலாம் என்று திரும்பியபோது வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஜீப் போகட்டும் என்று காத்திருந்தவள் போல இப்போதுதான் வாசல் பக்கம் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். முந்தானையை ஒரு பக்கமாக அள்ளிப் பிடித்திருந்தாள். ஒரு தோள் முன்னால் இழுத்திருந்தது.

"திருப்புலிவனத்துலேர்ந்து வர்றேம்மா. பேரு சிட்டம்மா" என்றாள் தரையைப் பார்த்தபடி. "சந்தையில சொன்னாங்க. இங்க ஒரு பக்கம் மட்டும் வச்சித் தைக்கறாங்களாமே. நெசமா?"

டீச்சர் சட்டென்று ஞானசுந்தரியைப் பார்த்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நெசந்தான், உள்ள வாங்கக்கா" என்றாள் ஞானசுந்தரி.

சிட்டம்மாள் கயிற்றில் தொங்கியதையெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் விழுந்தது. "எனக்கு இந்தப் பக்கம் இல்லம்மா. வலது" என்றாள். தப்புச் செய்துவிட்டவள் போல வாசலை நோக்கித் திரும்பினாள்.

"இருங்கக்கா."

ஞானசுந்தரி போய்க் கதவைச் சாத்தினாள். மேசைமேல் வாரியம் அனுப்பிய பழுப்புக் காகித அளவு கிடந்தது. நடுவில் உருண்டையாக முத்திரை. அதை எடுத்துக் குப்புறத் திருப்பிப் போட்டாள். முத்திரை அடியில் போயிற்று. இடது, வலதாயிற்று. ஆனால் இந்தப் பெண் ஆதியைவிடப் பருமன், விலாவில் துணி விட்டுத்தான் வெட்ட வேண்டும். அக்குள் எப்படி இருக்கிறதோ பார்க்காமல் சொல்ல முடியாது. அவள் டேப்பை எடுத்துக்கொண்டாள்.

"முந்தானைய எடுங்கக்கா, இங்க நாங்கதான் கீறோம். கைய மெதுவா தூக்குங்க. எவ்ளோ வருதோ அவ்ளோ போதும்."